இரண்டாம் அளவு

முதல் தடவை அளந்தது சொக்சோ.
சிரம்பான் ஆஸ்பத்திரியில், ஒரு புதன்கிழமை,
நாடாவை முழங்கையில் வைத்து
நான் எங்கே முடிகிறேன் என்று பார்த்தார்கள்.
விழுக்காடு எழுதி, முத்திரை குத்தி,
மாதம் இத்தனை வெள்ளி என்றார்கள்.
கையெழுத்துக்குப் பேனா நீட்டிய குமாஸ்தா
என் வலப்பக்கம் நீட்டினாள்.
பிறகுதான் பார்த்தாள்.

இரண்டாம் தடவை இன்று காலை,
பகாவ் மண்டபத்துக்குப் பின்னால்
நாற்காலிகள் அடுக்கிய அறையில்.
அதே மாதிரி நாடா. அதே முழங்கை.
டாக்டர் சென் இரண்டு முறை அளந்துவிட்டு,
"உங்களுக்குச் சரியான எதிரி வேண்டுமே" என்றார்.

எட்டு வருடமாக எல்லாரும்
என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் நினைத்தார்கள்.
எனக்கொரு எதிரி வேண்டுமென்று
ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பெல்ட்டின் ஒரு நுனி பல்லில், ஒரு நுனி விரலில்.
உதவ வந்த தொண்டூழியப் பையனை
வாயில் துணியோடு முறைத்தேன். போய்விட்டான்.
காற்று ஆலைப் பக்கமிருந்து திரும்பியது,
வெந்த செம்பனைக் குலை வாடை.
அன்றைக்கும் இதே வாடைதான்.
திருகில் காம்பு சிக்கியிருந்தது,
'நிறுத்திட்டாங்க' என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.
நிறுத்தவில்லை.
அந்தக் கதையில் அதற்கு மேல் எதுவுமில்லை.

மைக்கில் என்னைத் "தாவா மாலார்" என்று நீட்டினார்கள்.
"தவமலர்!" என்று முதல் வரிசையிலிருந்து
கத்தித் திருத்தினான் என் மகன்.
பக்கத்துப் பெண்மணியின் மடியில் அவன் மைலோ.

எதிரே சுஹைலா, ரொம்பின்காரி, பத்தொன்பது வயது.
இடது முன்கை பிறவியிலேயே இல்லை.
அதனால் அவள் எதையும் இழந்தவள் இல்லை.
நிற்பதிலேயே தெரிந்தது:
முழுசாக நின்றாள்.
நான்தான் இன்னும் என் வலது பக்கம்
யாருக்கோ இடம் விட்டு நிற்கிறேன்.

அவள் கால் உயர்ந்தது.
என் வலக்கை தடுக்கப் போனது.
சத்தியமாகப் போனது. தோள் எழுந்தது,
விரல்கள் மடங்கின, மணிக்கட்டு இறுகியது.
உதை அதன் ஊடே வந்து
விலாவில் இறங்கியது.
இரண்டு புள்ளி.
மறுபடியும் அதே கை, அதே விலா.
மறுபடியும்.
இரவில் அரிக்கும் கை,
சொறிய முடியாத கை,
இன்றைக்கு ஆறு புள்ளி தின்றுவிட்டது.

இடைவேளையில் தண்ணீர் குடித்தபடி அதனிடம் சொன்னேன்:
நீ போய் மகன் பக்கத்தில் உட்கார்.
அந்தப் பெண்மணியிடம் மன்னிப்பும் கேள்.

அது போனதும் என் உடம்பு
இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது,
லோரியில் பாரம் சரிந்த மாதிரி.
அந்தச் சாய்விலேயே சுழன்றேன்.
ஆலைப்படி ஏறிப் பழகிய கால்
முழு வட்டம் போய் அவள் மார்க்கவசத்தில் மோதியது.
மண்டபம் எழுந்து கத்தியது.
எனக்குக் கேட்டது அவள் 'ஹக்' என்று விட்ட மூச்சு மட்டும்.
நான்கு புள்ளி.

எட்டுக்கு நான்கு. தோற்றேன்.

குனிந்து வணங்கிவிட்டுக் கைகுலுக்கப் போனோம்.
அவளிடம் வலது, என்னிடம் இடது.
குலுக்க வரவில்லை.
உள்ளங்கைகள் ஒட்டி அப்படியே நின்றன,
கண்ணாடிமேல் கை வைத்த மாதிரி.
அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"காக், பெல்ட்டை எப்படிக் கட்டுவீர்கள்?"
"பல்லால்."
"ஐயோ, பல் போய்விடும்.
நான் கதவுப்பிடியில் மாட்டிவிட்டுச் சுற்றுவேன்."
காட்டுகிறேன் என்று இழுத்துக்கொண்டு போனாள்,
மண்டபத்தில் நல்ல கதவுப்பிடி தேடி.

பஸ்ஸில் மகன் கேட்டான், வலிக்கிறதா என்று.
சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
விலாவில் நாவல்பழ நிறம்,
மூன்றும் ஒரே இடத்தில்.
குறி தப்பாமல் அடித்திருக்கிறாள்.
"ரொம்ப" என்றேன்.
அவனுக்கு ஏன் நான் சிரித்தேன் என்று புரியவில்லை.

நாளைக்கு ஆறு மணிக்கு ஷிப்ட்.
எடைமேடையில் லோரிகள் வரிசையில் நிற்கும்.
இடக்கையால் ஒவ்வொன்றாக
நான் அளந்து எழுதவேண்டும்.